பேசத் தயங்குபவர்களின் ஆண்டு

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து குடியேறிய நம்மவர்களிடம் சில மாதங்கள் கழித்துப் பேசினால், பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். இங்குள்ளவர்கள் யாரோடும் ஒட்டுவதில்லை, இரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் ஒரு மணி நேரமானாலும் வாய் திறப்பதில்லை, அடுத்த வீட்டுக்காரரின் பெயரே தெரியவில்லை என்பார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை. ஆனால் இந்த நாட்டின் பருவங்கள் பலமுறை சுழன்று வருவதை உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில், அதற்கு நான் கொள்ளும் பொருள் வேறு. இம்மக்கள் அடுத்தவரை வேண்டாதவர்கள் அல்லர். காரணமில்லாமல் அடுத்தவரின் வாசலில் போய் நிற்கக் கூசுபவர்கள். அந்தக் கூச்சத்தைக் கடப்பதற்கு வேண்டிய காரணங்களை அவர்கள் ஆண்டு முழுவதும் நாட்காட்டியில் இட்டு வைத்திருக்கிறார்கள். அரண்மனைக் காவலர்களின் அணிவகுப்பும் முடிசூட்டு விழாவும் உலகமே தொலைக்காட்சியில் பார்ப்பவை. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது தெருவிலும் திடலிலும் வீட்டு வாசலிலும் நடப்பவற்றைப் பற்றி.

இந்த ஆண்டின் கதையை ஜனவரியிலிருந்து சொல்வதைவிட, அக்டோபரின் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைக்க வேண்டும் என்று 1907-இல் சிறு நூல் அச்சிட்டுப் பரப்பியவர் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர். அவர் 1915-இல் இறந்தார்; மறு ஆண்டு, போர்க்காலத்தில், அது சட்டமாயிற்று. அந்த ஞாயிறுக்குப் பிறகு மாலை என்ற பொழுதே இல்லாமல் போகிறது. டிசம்பர் நடுவில் லண்டனில் சூரியன் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. வடகோடியிலுள்ள ஷெட்லாந்து தீவுகளில் அது 6 மணி நேரத்துக்கும் கீழே போகும். அதே லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். வெளிச்சத்தில் இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வோடு வாழும் மக்களுக்கு, இருட்டு நெருங்கும்போது ஒருவரையொருவர் வெளியே அழைக்க ஏதாவது ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை விழாக்கள் இவ்வளவு நெருக்கமாக வருவதற்கும், அவற்றில் பலவற்றில் நெருப்பு இருப்பதற்கும் அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அக்டோபர் 31 அன்று ஹாலோவீன். வேடமிட்ட பிள்ளைகள் இனிப்புக் கேட்டு வீடு வீடாக வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கவனிக்க வேண்டியது, அதில் எழுதப்படாத ஒரு விதி இருப்பது: வாசலில் செதுக்கிய பூசணிக்காய்க்குள் விளக்கு வைத்திருக்கும் வீட்டுக் கதவை மட்டுமே பிள்ளைகள் தட்டுவார்கள். விளக்கு இல்லையென்றால் அந்த வீட்டார் விருப்பப்படவில்லை என்று பொருள். பெற்றோரே பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு நகர்த்திச் சென்றுவிடுவார்கள். அழைப்பு இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளும் இந்த நாகரிகம் இவர்களுடைய பிற வழக்கங்கள் பலவற்றிலும் ஊடுருவி நிற்கிறது.

நவம்பர் 5 அதைவிடப் பழையது. 1605-இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் நாடாளுமன்றத்தைத் திறந்துவைக்க வரும்போது பிரபுக்கள் அவையின் அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் திட்டமிட்டார்கள். நிலவறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். அந்த நாளை நன்றி வழிபாட்டோடு கொண்டாட வேண்டும் என்று மறு ஆண்டே சட்டம் இயற்றினார்கள். 1859-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் மக்கள் நிறுத்தவில்லை. சொக்கப்பனைபோல் விறகைக் குவித்து எரித்து, வாணம் விட்டு, கையில் சூடான சூப்போடு குளிரில் நிற்கிறார்கள். யார்க்‌ஷயரில் அன்று ஓட்ஸ் மாவும் இஞ்சியும் கருவெல்லப்பாகும் சேர்த்த பார்கின் கேக் செய்வது வழக்கம். அந்தச் சதியின் மதப் பின்னணியைப் பற்றி நெருப்பைச் சுற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் இன்று நினைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் எதைப் பற்றியாவது பேசுகிறார்கள்.

இந்த இரவை அதன் முழு வேகத்தோடு பார்க்க வேண்டுமானால் சசெக்ஸில் உள்ள லூயிஸ் நகருக்குப் போக வேண்டும். 1555-க்கும் 1557-க்கும் இடையில், கத்தோலிக்கரான அரசி மேரியின் ஆட்சியில், 17 புராட்டஸ்டன்டுகள் அந்த ஊரில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களின் நினைவாக 17 எரியும் சிலுவைகளை ஏந்தித் தீப்பந்த ஊர்வலங்கள் குறுகலான தெருக்களில் நகர்கின்றன. ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நெருப்புச் சங்கம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி உடை, தனி நிறக் கோடுகள், தனி எரிதிடல். தீப்பந்தங்கள் செய்வது, உடை தைப்பது, நிதி திரட்டுவது, உருவபொம்மை கட்டுவது என்று ஆண்டின் பெரும்பகுதி அந்தச் சங்கங்களில் வேலை நடக்கிறது. வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்களுக்கு அது ஓரிரவுக் காட்சி. ஊராருக்கோ வாராவாரம் கூடித் தையல் போடவும் கணக்குப் பார்க்கவும் தேநீர் குடிக்கவும் கிடைக்கும் சாக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவதுதான். பெரும்பாலும் இதே வாரங்களையொட்டித் தீபாவளியும் வந்துவிடுவதால், லெஸ்டர் நகரின் பெல்கிரேவ் சாலை போன்ற இடங்களில் எந்த வாணம் எந்தப் பண்டிகைக்கு உரியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. யாரும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

அதே மாதம் 11-ஆம் தேதி காலை 11 மணிக்கு நாடு இரண்டு நிமிடம் மௌனமாகிறது. முதல் உலகப்போர் முடிந்து ஓராண்டு ஆன 1919-இல் தொடங்கிய வழக்கம் இது. நவம்பரின் இரண்டாம் ஞாயிறும் நினைவு நாள். லண்டனில் எட்வின் லட்யென்ஸ் வடிவமைத்த செனடாஃப் நினைவுச் சின்னத்தின் முன்னே மன்னர் மலர்வளையம் வைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். நான் அதைவிட மதிப்பது சிற்றூர் நினைவுக் கல்லின் முன் நடக்கும் கூட்டத்தை. ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் தேவாலய முற்றத்திலோ நாற்சந்தியிலோ ஒரு கல் நிற்கிறது. அதில் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருவதைப் பல கற்களில் காணலாம். பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார்கள். சாரணப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், தீயணைப்பு வீரர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு வந்த முதியவர் என எல்லோரும் சட்டையில் காகிதப் பாப்பி மலரைக் குத்திக்கொண்டு மழையிலும் நிற்கிறார்கள். பேசத் தயங்கும் மக்கள் பேசாமலேயே ஒன்றுகூடும் வழியைக் கண்டிருக்கிறார்கள் என்று அந்த நிமிடங்களில் தோன்றும். நம்மவர்கள் இதை அயலாரின் சடங்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. பிரைட்டன் நகருக்கு மேலே உள்ள குன்றில், முதல் உலகப்போரில் காயமுற்று அந்நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடத்தில், 1921-இல் திறக்கப்பட்ட சத்ரி என்ற வெண்பளிங்கு மண்டபம் நிற்கிறது. அங்கும் ஆண்டுதோறும் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். நான் வாழ்த்து அட்டையிலிருந்து தொடங்குகிறேன். 1843-இல் ஹென்றி கோல் என்பவர், கைப்பட எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி அட்டைகளை அச்சிட்டார். ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர்தான் வந்திருந்தது. அதன் ஏற்பாட்டில் பங்கு கொண்டவர்களில் கோலும் ஒருவர். இன்று டிசம்பர் முதல் வாரத்தில் உங்கள் கதவின் அஞ்சல் துளை வழியே முத்திரையில்லாத உறை ஒன்று விழும். உள்ளே, எதிர் வீட்டாரின் பெயர்களும் அவர்கள் வீட்டு எண்ணும் மட்டும் இருக்கும். கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்கள் இதை வெறும் சம்பிரதாயம் என்று மேசையில் போட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களோடு அறிமுகமாக அவர்கள் விரும்புகிறார்கள், ஆனால் உங்கள் மாலைப் பொழுதைக் கலைக்க விரும்பவில்லை என்பதன் அறிவிப்பு அது. மறுநாளே நீங்களும் உங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி ஓர் அட்டையை அவர்கள் கதவில் போட்டால், ஜனவரியில் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது அவர்கள் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

டிசம்பரில் ஊர் அரங்குகளில் நடக்கும் பாண்டோமைம் நாடகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தேவதைக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, வயதான பெண் பாத்திரத்தை ஆண் நடிகர் ஏற்று, பாட்டும் நகைச்சுவையுமாக நடத்துவார்கள். வில்லன் வந்தால் அரங்கமே கூச்சலிட வேண்டும். நாயகன் பின்னால் ஆபத்து நின்றால் எல்லோரும் சேர்ந்து எச்சரிக்க வேண்டும். நடிகர் இல்லை என்றால் மக்கள் ஆம் என்று கத்த வேண்டும். இரயிலில் ஒரு சொல்லும் பேசாத அதே மனிதர்கள், மூன்று வயதுப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவதை அங்கே பார்க்கலாம். எப்போது, எதற்கு, எந்தச் சொல்லால் குரல் எழுப்ப வேண்டும் என்பது அனைவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அதனால் கூச்சத்துக்கு அங்கே வேலையில்லை.

25-ஆம் தேதியோ முழுக்க வீட்டுக்குள் நிகழும் நாள். இரயில்கள் நிற்கின்றன, லண்டன் சுரங்க இரயிலும் ஓடாது, இங்கிலாந்தில் பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்க வேண்டும். மதிய விருந்துக்கு முன் மேசையில் இருவர் இருவராகக் காகிதக் கிராக்கரை இழுத்து வெடிக்கிறார்கள். லண்டன் மிட்டாய் வியாபாரி டாம் ஸ்மித் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய பொருள் அது. உள்ளிருந்து விழும் மெல்லிய காகிதக் கிரீடத்தைத் தாத்தா முதல் குழந்தை வரை தலையில் வைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். பிற்பகல் 3 மணிக்கு மன்னரின் உரை. 1932-இல் ஐந்தாம் ஜார்ஜ் வானொலியில் முதன்முதலாகப் பேசினார்; அதை எழுதிக் கொடுத்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். இந்த நாளில் தனியாக இருப்பவர்களின் நிலை கடினமானது. ஊரே மூடிக் கிடக்கும் நாளில் அழைப்பு இல்லாதவருக்குப் போக இடமில்லை. ஆகவே தேவாலயங்களும் சமூகக் கூடங்களும் அன்று விருந்து ஏற்பாடு செய்கின்றன. அங்கே பரிமாற உதவியாளர்கள் தேவைப்படுவது எப்போதும் உண்டு. கிறிஸ்துமஸைக் கொண்டாடாத நம் குடும்பங்கள் அந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் இங்கிலாந்தின் வழக்கம். ஸ்காட்லாந்தில் சீர்திருத்தத் திருச்சபை கிறிஸ்துமஸ் கேளிக்கைகளை நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது. 1958-இல்தான் அது அங்கே பொது விடுமுறையாயிற்று. எனவே ஸ்காட்லாந்து மக்களின் பெருவிழா ஹாக்மனே என்னும் புத்தாண்டு இரவு. நள்ளிரவுக்குப் பின் வீட்டுப் படியை முதலில் மிதிப்பவர் கருமுடி கொண்ட உயரமான ஆணாக இருந்தால் அந்த ஆண்டு நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. அவர் கையில் நிலக்கரித் துண்டோ, ஷார்ட்பிரெட்டோ, விஸ்கியோ கொண்டுவர வேண்டும். எரிபொருளும் உணவும் குறையக் கூடாது என்பது உட்கருத்து. அன்றிரவு நம்மவர் ஒருவர் கதவைத் தட்டினால் அந்த வீட்டார் மகிழ்வார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மணி பன்னிரண்டு அடித்ததும் ஸ்காட்லாந்துக் கவிஞர் இராபர்ட் பர்ன்ஸ் நமக்குத் தந்த பழைய நட்பைப் பற்றிய பாடலை, கைகளைக் குறுக்காகக் கோத்து, முன்பின் அறியாதவர்களோடு நின்று பாடுகிறார்கள். பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25. அந்தத் தேதியில் ஹாகிஸ் என்ற ஆட்டிறைச்சிப் பண்டத்தைப் பைப் இசையோடு தட்டில் ஏந்தி வந்து, அவர் அதைப் போற்றி எழுதிய கவிதையைப் படித்துக்கொண்டே வெட்டுகிறார்கள். ஒரு கவிஞரின் பிறந்தநாளை ஆண்டுதோறும் இரவு உணவாக வீடுகளில் கொண்டாடும் மக்களைத் தமிழராகிய நாம் மதிக்காமல் இருக்க முடியாது. ஷெட்லாந்தின் லெர்விக் நகரில் ஜனவரியின் கடைசிச் செவ்வாயன்று வைக்கிங் என்ற பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் உடையணிந்து தீப்பந்தங்களோடு சென்று, மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய மரக்கப்பலை எரிக்கிறார்கள். அந்த ஊர்வலக் குழுக்களில் பெண்கள் சேர அனுமதிக்கப்பட்டது 2023-இல்தான்.

சாமர்செட் பகுதியில், சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்காக வளர்க்கும் ஆப்பிள் தோட்டங்களில் நடக்கும் வசெயில் என்ற சடங்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஜனவரி 17 மாலையில் ஊரார் தோட்டத்தில் கூடி, தோட்டத்தின் மூத்த மரத்தின் வேரில் சைடர் ஊற்றி, அதில் நனைத்த ரொட்டித் துண்டுகளைக் கிளைகளில் மாட்டி, பாடிவிட்டு, தீய ஆவிகள் ஓட வேண்டுமென்று பாத்திரங்களைத் தட்டித் துப்பாக்கிகளை வானை நோக்கிச் சுடுகிறார்கள். ஏன் 17-ஆம் தேதி? பிரித்தானியா 1752-இல் ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று அறிவிக்கப்பட்டது. வசெயிலுக்கு உரிய கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவு, புதிய கணக்கில் 11 நாள் முன்னதாகவே வந்துவிட்டது. ஆனால் மரங்களுக்கு நாட்காட்டி தெரியாது என்பதுபோல, தோட்டக்காரர்கள் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டார்கள். அரசாங்கமும் அப்படியே. அதற்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. வருமானவரி ஆண்டு இன்றும் ஏப்ரல் 6-இல் தொடங்குவது அந்தப் பழைய தேதியின் எச்சம்.

பிப்ரவரியும் மார்ச்சும் விழாக்கள் குறைந்த மாதங்கள். ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று முட்டையையும் கொழுப்பையும் தீர்ப்பதற்காகப் பான்கேக் சுடுவார்கள். பக்கிங்ஹாம்‌ஷயரின் ஓல்னியில் பெண்கள் வாணலியில் பான்கேக்கைத் தூக்கிப் போட்டுக்கொண்டே தேவாலயம் வரை ஓடும் பந்தயம் 1445 முதல் நடப்பதாக மரபு. அதே செவ்வாயும் மறுநாளும் டார்பி‌ஷயரின் ஆஷ்போர்னில் ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து பந்தாடுகிறது. ஹென்மோர் ஓடையின் வடபுறம் பிறந்தவர் ஓர் அணி, தென்புறம் பிறந்தவர் மற்றோர் அணி. இலக்குகள் ஒன்றுக்கொன்று சுமார் 3 மைல் தொலைவில். ஆட்டம் தெருக்களிலும் வயல்களிலும் ஓடைக்குள்ளும் நடக்கும். கடைக்காரர்கள் முன்கூட்டியே ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். பந்தை வண்டியில் ஏற்றிச் செல்லக் கூடாது, கல்லறைத் தோட்டத்துக்குள் போகக் கூடாது என்பவை போன்ற சில விதிகளே உண்டு. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு அன்னையர் நாள். பெரிய வீடுகளில் வேலைக்கிருந்த பிள்ளைகள் தாய்த் திருச்சபைக்கும் தாய்வீட்டுக்கும் போய்வர விடுப்பு தரப்பட்ட வழக்கத்தின் தொடர்ச்சி அது. பெரிய வெள்ளியன்று சிலுவைக் குறியிட்ட பன் சாப்பிடுவார்கள்.

விழா இல்லாத வாரங்களில் அன்றாட வழக்கங்கள் அதே வேலையைச் செய்கின்றன. வானிலையைப் பற்றி இவர்கள் ஓயாமல் பேசுவது வானிலைச் செய்தி தெரியாமல் அல்ல. யாரையும் புண்படுத்தாத, யாருக்கும் சொந்தமான, யாரும் உடனே உடன்படக்கூடிய பொருள் அது ஒன்றே. இன்று குளிர்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆம் என்று சொல்லி உங்கள் பங்குக்குக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். மறுத்துப் புள்ளிவிவரம் சொல்வது பண்பன்று. பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வதும், கதவைப் பின்னால் வருபவருக்காகப் பிடித்து நிற்பதும், வரிசையில் தன் இடத்தைத் தானே அறிந்து நிற்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

தேநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் குழாய் பழுதுபார்க்க வருபவருக்குக் கதவைத் திறந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தேநீர் வேண்டுமா, சர்க்கரை எத்தனை கரண்டி என்பதுதான். அலுவலகத்தில் ஒருவர் தமக்குத் தேநீர் போட எழுந்தால் சுற்றியுள்ள எல்லோரிடமும் கேட்டுவிட்டே போவார். பப்பில் ஒருவர் முறை வைத்து எல்லோருக்கும் பானம் வாங்குவதும் இதே முறைதான்; மது அருந்தாதவர் பழச்சாறு கேட்கலாம், ஆனால் தம் முறை வரும்போது எல்லோருக்கும் வாங்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் கணக்கு ஒருபோதும் முழுதாகத் தீராது. இன்று நான் உங்களுக்குக் கடன், நாளை நீங்கள் எனக்கு. உறவு தொடர்வதற்கு வேண்டிய கடனை வேண்டுமென்றே மீதி வைக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளைகள் வீட்டிலிருந்து குடுவையில் தேநீர் கொண்டுபோய்த் தனியே குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சேமிக்கும் காசைவிட இழக்கும் பழக்கம் பெரிது.

மே முதல் நாள் காலை 6 மணிக்கு ஆக்ஸ்ஃபர்டின் மாட்லின் கல்லூரிக் கோபுர உச்சியில் பாடகர் குழு பாட, கீழே பாலத்தில் மக்கள் திரண்டு கேட்பதோடு நல்ல காலம் தொடங்குகிறது. பிறகு ஊருக்கு ஊர் சிற்றூர் விழாக்கள். பள்ளித் திடலில் கூடாரம், பெரிய கலத்தில் தேநீர், வீட்டில் செய்த கேக் கடை, குலுக்கல் சீட்டு, நாய்களுக்கான போட்டி, ஜாம் போட்டி. அந்த ஜாம் போட்டியின் நடுவர்கள் காட்டும் கண்டிப்பு வியக்க வைக்கும். புட்டியை முழுதாக நிரப்பவில்லை, மூடி சரியில்லை என்று புள்ளி குறைப்பார்கள். பங்கேற்பவர்களும் அதை முழு மனத்தோடு ஏற்று அடுத்த ஆண்டுக்குத் தயாராவார்கள். உள்ளாட்சி மன்றங்கள் குறைந்த வாடகைக்கு விடும் அலாட்மென்ட் தோட்டத் துண்டுகளும் கோடையின் மையம். மரபான அளவு ஏறத்தாழ 250 சதுர மீட்டர்; 1908-இன் சட்டம் மக்களுக்கு அந்த நிலத்தை ஏற்பாடு செய்யும் கடமையை மன்றங்களுக்கு உரித்தாக்கியது. ஆகஸ்டில் கோர்ஜெட்டும் ரன்னர் பீன்ஸும் தேவைக்கு மேல் காய்த்துவிடும். அவற்றைப் பையில் போட்டு அக்கம்பக்கத்து வாசல்களில் வைத்துவிட்டுப் போவார்கள். நம்மவர்கள் பலர் இந்தத் துண்டுகளில் கீரையும் வெந்தயமும் பூசணியும் பயிரிடுகிறார்கள். விதையும் நாற்றும் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் கைமாறுகின்றன. அங்கே நான் கேட்ட உரையாடல்களைப் போல் நீண்ட உரையாடல்களை இந்த நாட்டில் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்த நாட்காட்டி மூடி முத்திரையிடப்பட்டது அல்ல. 1958-இல் லண்டனின் நாட்டிங் ஹில்லில் கரீபிய மக்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, டிரினிடாடில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு கார்னிவலை நடத்தினார். 1966-இல் நாட்டிங் ஹில்லின் தெருக்களில் விழா பிறந்தது; இன்று வங்கி விடுமுறை எனப்படும் ஆகஸ்ட் இறுதிப் பொது விடுமுறையின் அடையாளமே அதுதான். கோடையில் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேர் லண்டன் தெருவில் வரும்போது காவலர்கள் போக்குவரத்தை நிறுத்தி வழி விடுகிறார்கள்; வீட்டு வாசல்களில் நின்று பார்க்கும் அயலார், இது என்ன, அது ஏன் என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நாமும் பொறுமையாக விளக்கி, தண்ணீரும் பிரசாதமும் கொடுத்து அந்தக் காரணத்துக்கு மதிப்புச் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் இறுதியில் அறுவடைத் திருநாள் வருகிறது. தேவாலயங்களில் இன்று நாம் காணும் வடிவத்தை 1843-இல் கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோ ஊரில் இராபர்ட் ஹாக்கர் என்ற பங்குத்தந்தை தொடங்கினார். ரொட்டியும் ஆப்பிளும் கோதுமைக் கதிருமாக அலங்கரித்த வழக்கம் இப்போது பெரும்பாலும் டின்களாக மாறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவுப் பொருட்கள் அந்தந்த ஊரின் உணவு வங்கிக்குப் போகின்றன. வளமான நாட்டில் உணவு வங்கிகள் இவ்வளவு தேவைப்படுவது வேதனைக்குரியது. ஆனாலும் தேவை இருக்கும்வரை அந்தப் பெட்டி நிரம்ப வேண்டும். என்ன வேண்டும் என்று பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் எழுதியிருப்பார்கள்: அரிசி, பருப்பு வகை டின்கள், நீண்டநாள் கெடாத பால், டின் மீன், தேயிலை. பெரும்பாலானவை நம் வீட்டு அலமாரியில் எப்போதும் இருப்பவை. பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவதோடு நிற்காமல், பைகளை வண்டியில் ஏற்ற ஆள் தேவையா என்று பள்ளி வாசலில் கேளுங்கள்; தேவை என்றுதான் சொல்வார்கள்.